குற்றாலத்தில் "ரூம் இல்ல பாய்" என்ற லாட்ஜும் எங்கள் வழக்கும்

சாரல் சீசன். செயலியில் அறை போட்டு, பணமும் கட்டிவிட்டு, மேலப்பாளையத்திலிருந்து உம்மாவோடு குற்றாலத்தில் போய் இறங்கினோம். கவுண்டரில் ஆதாரைப் பார்த்தவர், "ரூம் இல்ல பாய், உங்க ஆளுகளுக்குக் கொடுக்க வேண்டாம்னு மேனேஜர் சொல்லியிருக்காரு" என்றார். பின்னால் வந்த குடும்பத்துக்குச் சாவி போனது. நல்லவேளை, மச்சான் இந்தப் பேச்சைப் போனில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தான்.

பணம் திரும்பி வந்ததே என்று விட்டுவிடாதீர்கள். செயலியில் 'விருந்தினரே ரத்து செய்தார்' என்று காட்டியது! ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நாங்கள் ரத்து செய்யவில்லை என்று அப்போதே மெயில் போட்டோம்.

காவல் நிலையத்தில் "சிவில் மேட்டர், வேற லாட்ஜ் பாருங்க" என்றார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்து, இருட்டிய பிறகுதான் வாங்கினேன். அதுவரை உம்மா வெளியே ஆட்டோவில்.

ஓட்டலில் மதத்தைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) சொல்கிறது. ஆனாலும் சீக்கிரம் முடிகிற வழி நுகர்வோர் ஆணையம்தான் என்றார் தெரிந்த வக்கீல். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், தென்காசிக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். மனு ஆன்லைனிலேயே போய்விட்டது.

'ஏசி ரிப்பேர்' என்று லாட்ஜிடமிருந்து பதில் வந்தது. கூடவே, எங்கள் ஒலிப்பதிவுக்குச் சான்று இல்லை என்று ஆட்சேபம். 2023 புதிய சாட்சியச் சட்டம் 63(4)இல் ஒரு சான்று வேண்டுமாம். அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் எண், நிபுணர் கையெழுத்து எல்லாம் உண்டு. மச்சானோ அதற்குள் போனோடு துபாய் போய்விட்டான். வாய்தா மேல் வாய்தா. பதிவு செய்த போன் ஊரில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது அவர்கள் பதிவேடே. அதைக் கொண்டுவர உத்தரவிடும்படி தனி மனு போட்டோம். வந்து பார்த்தால், அன்று மாலை எங்களுக்குப் பிறகு ஏசி அறைகள் வரிசையாகப் போயிருக்கின்றன. அவர்கள் வக்கீல் அதன்பின் ஏசி பேச்சே எடுக்கவில்லை.

சேவைக் குறைபாடு என்று இழப்பீடும் செலவுத்தொகையும் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மதம் பற்றி அதில் ஒரு வரி இல்லை. வக்கீலுக்கு வெற்றி, எனக்கு இன்னும் ஆறவில்லை. கெடு முடிந்தும் லாட்ஜ் அசையவில்லை. உத்தரவை மதிக்காததற்காக நுகர்வோர் சட்டத்தின் 72ஆம் பிரிவில் மனு போட்டால் சிறை வரை போகும் என்று தெரிந்தபின்தான் பணத்துக்கான டிடி (வங்கி வரைவோலை) வந்தது.