வேன் கழிப்பறையில் நாற்றம் ஏன் வருகிறது?

தங்கிப் பயணிக்கும் வேனுக்குள் கழிப்பறை வைக்க நினைப்பவர்கள் மலத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் சிறுநீரும் மலமும் கலக்கும்போதுதான் கிளம்புகிறது. சிறுநீரிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறிவிடும். அதனால் சிறுநீரைத் தனிக் கேனுக்கு அனுப்பும் பிரிப்பான் முன்பக்கம் வைத்த பீடத்தையே வாங்குங்கள். ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.5 லிட்டர் சிறுநீர் என்று வைத்தால், இரண்டு பேருக்கு 10 லிட்டர் கேன் மூன்று நாள் தாங்கும்.

மல வாளியில் அடியில் மூன்று விரற்கடை உலர்ந்த தென்னை நார்த்தூள், ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கைப்பிடி. தூள் ஈரமானால் ஈ முட்டையிடும், புழு வைக்கும்.

நமக்கு உண்மையான சிக்கல் கழுவும் தண்ணீர். வாளிக்குள் விழுந்தால் எல்லாம் கெட்டது. திருச்சி மாவட்டம் முசிறியில் கட்டிய ஈகோசான் (சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே சேர்க்கும்) கழிப்பறைகளில் கழுவுவதற்கென்றே தனிக் குழி உண்டு. வேனில் அதற்கு இடமில்லை. பக்கத்தில் ஒரு பேசின் வைத்து, நகர்ந்து உட்கார்ந்து கழுவுங்கள். அந்தத் தண்ணீரை இறுக்கமான மூடியுள்ள தனிக் கேனில் சேர்த்து, பெட்ரோல் பங்க் கழிப்பறையில் ஊற்றுங்கள். தயவுசெய்து சாலையோரத்திலோ ஓடையிலோ வேண்டாம்.

குளிக்க, கையால் காற்றடிக்கும் 5 லிட்டர் ஸ்பிரேயர் போதும். புதிதாக வாங்குங்கள், பூச்சிமருந்து பட்டது கூடவே கூடாது. குளித்ததும் சுவரைத் துடைத்துக் கூரை விசிறியை ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் பிளைவுட்டில் பூஞ்சை பிடிக்கும்.