இரண்டு ஆர்கன்கள், பிளந்த கட்டைகள்: பொலோனியாவிலிருந்து வெனிஸ் வரை

மறுமலர்ச்சிக் கால இசை, 1600ஐ ஒட்டிப் பிறந்த பரோக் என்ற புதுப் பாணியாக மாறிய தடத்தைத் தேடி இத்தாலிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஃப்ளாரன்ஸில்தான் இறங்குவார்கள். 1600 அக்டோபர் 6 அன்று பிட்டி அரண்மனையில் யாக்கோபோ பெரியின் 'யூரிடிச்சே' அரங்கேறிய ஊர் அது. ஓப்பராவின் பிறப்பிடம் என்ற பெயர் அதற்குத் தகும். ஆனால் காதுக்கு அங்கே கிடைப்பது குறைவு. அந்த மாற்றத்தைக் கேட்டே உணர வேண்டுமானால் பொலோனியா, மாந்தோவா, வெனிஸ் என்ற வரிசையில் போவதுதான் சரி.

நாளைத் தேர்வதில் கவனம் வேண்டும். வெனிஸின் சான் மார்க்கோ பேராலயத்தில் பாடகர் குழு பாடும் பெரிய பூசை ஞாயிறு காலையில் நடக்கும். பொலோனியா இசை அருங்காட்சியகத்துக்கும் மாந்தோவா அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. வியாழன் பொலோனியா, வெள்ளி மாந்தோவா, சனி மாலைக்குள் வெனிஸ் என்று வைத்துக்கொண்டால் எதுவும் கைநழுவாது.

பொலோனியாவின் சான் பெத்ரோனியோ ஆலயத்தில் பலிபீடத்தைப் பார்த்து நின்றால், வலப்பக்கம் லொரென்சோ தா பிராத்தோ 1470களில் கட்டிய ஆர்கன், அதாவது குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய விசைக்கருவி. இடப்பக்கம் பல்தசார்ரே மலாமினியின் 1596ஆம் ஆண்டு ஆர்கன். இரண்டும் இன்றும் வாசிக்கப்படுகின்றன. கச்சேரி இருந்தால் வாசல் பக்க இருக்கைகளைத் தவிர்த்துவிடுங்கள். எதிரொலி பத்து வினாடியை ஒட்டி நீள்வதால், ஒரு சுரம் அடங்குமுன் அடுத்தவை அதன்மேல் வந்து விழும். பின்வரிசையில் வேகமான இடங்களெல்லாம் குழைந்துபோகும். இரு ஆர்கன்களுக்கும் இடையே, முன்னால் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி உட்காருங்கள்.

அப்படிக் கேட்கும்போது முதலில் பிடிபடுவது சுருதி. இன்றைய பியானோவில் ஸட்ஜமத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைவெளி 400 சென்ட் (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்). சுத்தமான 5:4 விகிதமோ 386 சென்ட்தான். தம்புராவில் தானாக எழும் காந்தாரம் அது. மீன்டோன் என்ற பழைய சுருதி முறையில் சேர்த்த இத்தகைய ஆர்கன்களில் காந்தாரங்கள் அந்தச் சுத்த விகிதத்தை ஒட்டியே நிற்கும். அதற்காகப் பஞ்சமங்களை ஐந்து சென்ட் அளவுக்குக் குறைக்கிறார்கள். சிக்கல் கறுப்புக் கட்டைகளில் வருகிறது. ஜி சுரத்தை ஏற்றிய ஜி ஷார்ப்பும், ஏ சுரத்தை இறக்கிய ஏ ஃபிளாட்டும் இம்முறையில் வேறு வேறு சுரங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 41 சென்ட். கட்டையோ ஒன்றுதான். ஜி ஷார்ப்பாகச் சேர்த்ததை ஏ ஃபிளாட்டாக வாசித்தால் ஊளைதான் கேட்கும். சோகத்துக்கும் சீற்றத்துக்கும் புதுப்புது சுரச் சேர்க்கைகளைத் தேடிய தலைமுறைக்கு இது பெரிய தடை.

அந்தத் தடையோடு அவர்கள் எப்படி மல்லுக்கட்டினார்கள் என்பதை ஸ்திராதா மஜ்ஜோரே தெருவில் உள்ள இசை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வெனிஸைச் சேர்ந்த வீத்தோ திராசுந்தினோ 1606இல் செய்த ஹார்ப்சிகார்டு என்ற தந்தி விசைக்கருவி ஒன்று அங்கே இருக்கிறது: ஸ்தாயிக்கு 31 கட்டைகள், நான்கு ஸ்தாயிக்கு மொத்தம் 125. கறுப்புக் கட்டைகள் அடுக்கடுக்காக ஏறி நிற்கும். வாசிப்பது எவ்வளவு கடினம் என்பது பார்த்தவுடனே புரியும். இந்த வழி பரவாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாந்தோவாவுக்கு மோதெனாவில் ரயில் மாற வேண்டும். உள்ளூர் ரயிலின் காகிதச் சீட்டை நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிடாமல் ஏறினால் அபராதம் விழும். அரண்மனை வளாகத்துக்குள்ளேயே உள்ள சாந்தா பார்பரா ஆலயத்தில் கிராத்சியாதியோ அந்தெக்னாத்தி 1565இல் கட்டிய ஆர்கன் இருக்கிறது. திராசுந்தினோவைவிட இவருடைய தீர்வு எளியது: தேவையான கறுப்புக் கட்டைகளை மட்டும் முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிளந்து, ஒரு பாதிக்கு ஜி ஷார்ப்பும் மறு பாதிக்கு ஏ ஃபிளாட்டும் கொடுத்துவிட்டார். டி ஷார்ப்புக்கும் ஈ ஃபிளாட்டுக்கும் அதே ஏற்பாடு. விரல் பழக்கம் பெரிதாக மாறவில்லை, ஊளை மறைந்தது. ஆலயம் திறக்கும் நேரம் அரண்மனை நேரத்தோடு ஒத்துப்போகாது. முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

அரண்மனைக்கு எதிரே இருக்கும் சோர்தெல்லோ சதுக்கத்தின் ஓரத்தில் மாந்தோவா பேராலயம். இசைக்காக வருபவர்கள் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். எனக்கு இந்தப் பயணத்தின் நடுப்புள்ளியே இதுதான். 1590களில் இங்கே இசைத் தலைவராக இருந்தவர் லொதோவிக்கோ வியாதானா. மோட்டெட்டு எனப்படும் அன்றைய வழிபாட்டுப் பாடல்கள் ஐந்து முதல் எட்டுக் குரல்களுக்கு எழுதப்பட்டவை. பாடகர்கள் இரண்டு மூன்று பேரே இருந்தால், அந்தப் பாட்டிலிருந்து இரண்டு மூன்று குரல்களை மட்டும் உருவி, மீதியை ஆர்கனில் ஒப்பேற்றுவார்கள். விளைவு மோசம்: உருவிய குரலில் நீண்ட நீண்ட மௌனங்கள், சொற்கள் பாதியில் அறுந்து நிற்கும், கேட்பவருக்குப் பொருள் விளங்காது. வியாதானா அதைச் சகிக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு குரல்களுக்கென்றே முழுமையாகப் பாட்டெழுதி, அடியில் ஆர்கனுக்கு அறுபடாத ஒரு கீழ்க்குரலைக் கொடுத்தார். 1602இல் வெனிஸில் அச்சான அந்தத் தொகுதியில் நூறு பாடல்கள். மேலே பாடும் குரல், கீழே தாங்கும் மந்தரம், நடுவே வாசிப்பவர் நிரப்பிக்கொள்ளும் சுரங்கள் என்ற பரோக் அமைப்பு ஆலயங்களில் வேரூன்றியது இப்படித்தான். பழங்கிரேக்க நாடகத்தைப் பாட்டாக மீட்க நினைத்த ஃப்ளாரன்ஸ் அறிஞர்களின் கனவுக்கு நிகராக ஆள் பற்றாக்குறையும் இந்த இசையை உருவாக்கியிருக்கிறது.

அரண்மனையில் 1607 பிப்ரவரி 24 அன்று மொந்தவெர்தியின் 'ஓர்ஃபியோ' ஓப்பரா அரங்கேறியது. போகுமுன் 1609ஆம் ஆண்டு அச்சுப் பிரதியை இணையத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு இடங்கள் முக்கியம். டொக்காட்டா என்ற தொடக்கக் கருவியிசையின் மேல், எக்காளங்களுக்கு அடைப்பான் போட்டால் முழுவதையும் ஒரு சுரம் உயர்த்தி வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. அடைப்பான் சுருதியை ஏற்றிவிடும் என்பதால் மற்றக் கருவிகள் அதற்கு ஒத்துப்போக வேண்டும். மூன்றாம் அங்கத்தில் ஓர்ஃபியோ பாதாள உலகின் படகோட்டியிடம் கெஞ்சும் பாட்டு இரண்டு வரிகளாக அச்சாகியிருக்கிறது: ஒன்று வெறும் சாகித்திய மெட்டு, மற்றொன்று கமகங்களை முழுக்க எழுதிக் காட்டியது. அக்காலப் பாடகர்கள் மனோதர்மமாகச் சேர்த்தவை என்னவென்று அறிய இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மொந்தவெர்தி 1613இல் சான் மார்க்கோவின் இசைத் தலைவராக வெனிஸ் போனார். ஆண்டுச் சம்பளம் 300 டுகாட் (வெனிஸ் நாணயம்). 1616இல் அது 400 ஆனது. சான் மார்க்கோவில் பூசைக்கு வருபவர்களுக்கு வடபக்க வாசல், கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெரிய பைக்கு இடமில்லை. அரை மணி முன்னதாகப் போய் முன்பகுதியில் உட்கார்ந்தால் பீடத்தின் இருபுற மாடங்களும் தெரியும். இங்கே ஆர்கன் வாசித்த ஜொவான்னி கப்ரியேலியின் 1597ஆம் ஆண்டுத் தொகுதியில், இரண்டு கருவிக் குழுக்களுக்கு எழுதிய புகழ்பெற்ற சொனாட்டாவில், ஒரு குழு தனித்து வாசிக்கும் இடத்தில் 'மெல்ல', இரு குழுவும் சேருமிடத்தில் 'உரக்க' என்று எழுதியிருக்கிறார். முதல் குழுவில் ஒரு கார்னெட்டோ (மரத்தாலான ஊதுகருவி), மூன்று டிராம்போன். இரண்டாவதில் ஒரு வயலின், மூன்று டிராம்போன். ஆனால் எல்லா இருகுழுப் பாட்டும் எதிரெதிர் மாடத்திலிருந்து பாடப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. விவிலியத்தின் சங்கீதப் பாடல்களைப் பாடும்போது நான்கு பேர் ஒரு குழு, மற்ற அனைவரும் இன்னொரு குழு என்றுதான் 1564ஆம் ஆண்டுச் சடங்கு நூல் சொல்கிறது. இப்போதுள்ள ஆர்கன்கள் அக்காலத்தவை அல்ல. பொலோனியாவின் காந்தாரத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

பூசை முடிந்ததும் சாந்தோ ஸ்தெஃபானோ ஆலயத்தில் கப்ரியேலியின் கல்லறையைப் பாருங்கள். மொந்தவெர்தியின் கல்லறை இருக்கும் ஃப்ராரி ஆலயம் ஞாயிறன்று பார்வையாளர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் திறக்கும். பெரிய பலிபீடத்துக்கு இடப்புறச் சிற்றாலயம் ஒன்றில் தரையோடு தரையாக இருக்கிறது. 1637இல் சீட்டு வாங்கிய யாருக்கும் ஓப்பரா காட்டத் தொடங்கிய சான் காசியானோ அரங்கம் இப்போது இல்லை. அதைத் தேடிச் சந்துகளில் அலையாமல் நேராக ஃப்ராரிக்கே போய்விடலாம்.