ஜெர்மன் குடியுரிமை: காத்திருப்பும் கடைசியில் போட்ட வழக்கும்

நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் ஒரு நடுத்தர நகரத்தில் வசிக்கிறோம். ஜெர்மனிக்கு வந்து எட்டு ஆண்டுகள் முடிந்த கையோடு, 2023 கோடையில், நானும் கணவரும் மகனும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். சான்றிதழ் கைக்கு வந்தது 2025-இல். எங்களைப் போலவே காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். சட்டம் அவர்களுக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் பக்கம் போவதே தகாத செயல் என்று பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குடியுரிமைக்கு எழுத வேண்டிய தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 33 கேள்விகள், ஒரு மணி நேரம், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்விகள் எல்லாம் வெளிப்படையாகக் கிடைக்கும் 310 கேள்விகள் கொண்ட தொகுப்பிலிருந்தே வருகின்றன. தேர்வில் வரும் 33-இல் உங்கள் மாநிலத்தைப் பற்றியவை மூன்று. கட்டணம் 25 யூரோ. பி1 எனப்படும் இடைநிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், ஓய்வூதியக் காப்பீட்டுக் கணக்கு, சம்பளச் சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு என்று மற்றவற்றையும் பொறுமையாகச் சேர்த்துவிடலாம். விண்ணப்பக் கட்டணம் பெரியவருக்கு 255 யூரோ, பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு 51 யூரோ. இதுவரை எல்லாம் நம் கையில் இருக்கிறது.

அதன் பிறகு எதுவும் நம் கையில் இல்லை. விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று சொல்வதற்கே அலுவலகத்துக்குப் பல மாதங்கள் ஆயின. வந்த கடிதம் ஒரே பக்கம். மேலே கோப்பு எண். நடுவில், விண்ணப்பங்கள் மிக அதிகமாக இருப்பதால் நீண்ட காலம் பிடிக்கும் என்ற அறிவிப்பு. கடைசிப் பத்தியில், தடித்த எழுத்தில், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டாம், அத்தகைய விசாரிப்புகள் பரிசீலனையை மேலும் தாமதப்படுத்தும் என்று எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை, கணினியில் உருவானதால் கையெழுத்து தேவையில்லை என்று ஒரு குறிப்பு. அந்தக் கடைசிப் பத்தி என்னை மிகவும் புண்படுத்தியது. காத்திருக்கச் சொல்வதில் எனக்கு வருத்தம் இல்லை. எவ்வளவு காலம் என்று கேட்பதையே குற்றம் போல ஆக்குவது நியாயமே இல்லை. மின்னஞ்சல் அனுப்பினால் அதே வாசகம் தானியங்கிப் பதிலாக வந்தது. தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் காத்திருப்பு என்றால் சும்மா இருப்பது. உண்மையில் அதுவே ஓயாத வேலை. நடுவில் என் இந்தியப் பாஸ்போர்ட் காலாவதியாகும் நேரம் வந்தது. புதுப்பித்தேன். பாஸ்போர்ட் மாறினால் நிரந்தர வதிவிட அட்டையையும் மாற்ற வேண்டும். அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். அந்த நேரம் கிடைப்பது தனிப் பாடு. புதிய அட்டை வந்ததும் அதன் நகலைக் குடியுரிமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று கேட்கக் கூடாது! கணவருக்கு நல்ல வேலை வாய்ப்பு ஒன்று வந்தபோது, புதிய இடத்தில் தகுதிகாண் காலம் இருக்கும், அந்தச் சமயத்தில் கோப்பை எடுத்தார்கள் என்றால் வருமானம் உறுதியாக இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று யோசித்து யோசித்தே அதை விட்டுவிட்டார்.

2025 பிப்ரவரி 23 அன்று நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. முந்தைய நவம்பரில் கூட்டணி அரசு உடைந்ததால் முன்கூட்டியே வந்த தேர்தல். குடியேறிகளைப் பற்றி அவ்வளவு பேசிய தேர்தலில் எங்களுக்கு வாக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தலில்கூட வாக்குரிமை கிடையாது. வரி கட்டுகிறோம், மகன் இங்கே பள்ளிக்குப் போகிறான், தெருவின் முனையில் இருக்கும் பள்ளியில்தான் வாக்குச்சாவடி. அன்று முழுவதும் அந்த வழியாகப் போக எனக்கு மனம் வரவில்லை.

தாமதத்துக்குக் காரணங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. 2015-ஐ ஒட்டி அடைக்கலம் தேடி வந்த சிரியர்கள் தகுதி பெற்று ஒரே காலத்தில் விண்ணப்பித்தார்கள். 2024 ஜூன் 27 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம் எட்டு ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்பதை ஐந்தாகக் குறைத்து, பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டியதில்லை என்றும் சொன்னது. விண்ணப்பங்கள் பெருகின, பல ஊர்களில் ஆள்பலம் அதற்கேற்பக் கூடவில்லை. பெர்லினில் 2024 ஜனவரியில் பன்னிரண்டு மாவட்டங்களின் பொறுப்பை ஒரே துறைக்கு மாற்றியபோது ஏறத்தாழ 40,000 நிலுவைக் கோப்புகளும் சேர்ந்தே போயின. ஒவ்வொரு கோப்புக்கும் போலீஸ், உள்நாட்டு உளவுத்துறை, குற்றப் பதிவேடு, வெளிநாட்டவர் அலுவலகம் என்று தனித்தனியே விசாரித்துப் பதில் பெற வேண்டும். அப்படியும் 2024-இல் ஏறத்தாழ 2,92,000 பேர் ஜெர்மன் குடியுரிமை பெற்றார்கள்; முந்தைய ஆண்டில் இது சுமார் 2,00,000. ஆகவே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் பற்றாக்குறை ஆண்டுக்கணக்கில் நீடித்தால், அதன் சுமையை விண்ணப்பித்தவர் மட்டும் ஏன் தாங்க வேண்டும்?

ஜெர்மன் நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இதற்கு விடை வைத்திருக்கிறது. முழுமையான விண்ணப்பம் கொடுத்து மூன்று மாதங்களுக்குப் பிறகும், தகுந்த காரணமின்றி அலுவலகம் முடிவெடுக்காவிட்டால், நீதிமன்றத்தை நாடலாம். ‘உன்டேட்டிக்கைட்ஸ்கிலாகே’ என்பார்கள், செயல்படாமல் இருப்பதற்கு எதிரான வழக்கு. குடியுரிமை கொடு என்று சண்டை போடுவது நோக்கமல்ல. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு முடிவைச் சொல்ல வைப்பதுதான் நோக்கம்.

இந்த வழக்கைப் போடப் போகிறோம் என்று லால்குடியில் இருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. “ஏம்மா, சோறு போடுகிற நாட்டின் மேலேயே வழக்குப் போடுவதா? கோபத்தில் தள்ளுபடி செய்துவிட்டால் என்ன செய்வாய்?” என்றார். இங்குள்ள நண்பர்கள் பலரும் அதையேதான் வேறு சொற்களில் சொன்னார்கள். கோர்ட் படி ஏறுவது நம் ஊரில் குடும்பத்துக்கு வந்த கேடு. வழக்கறிஞரிடம் இந்தப் பயத்தைச் சொன்னேன். அவர், தகுதி உள்ளவருக்கு இது சட்டப்படியான உரிமை, வழக்குப் போட்டதற்காக மறுக்க அலுவலகத்துக்கு அதிகாரமே இல்லை என்று பொறுமையாக விளக்கினார். நிர்வாக நீதிமன்றத்தில் முதல் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமலும் வழக்குத் தொடுக்கலாம். ஆனாலும் நாங்கள் அவர் மூலமாகவே செய்தோம்.

முதலில் அவர் கெடு விதித்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பதில் இல்லை. பிறகு வழக்கு. நீதிமன்றக் கட்டணத்தை முன்கூட்டியே நாம்தான் கட்ட வேண்டும். சிறிய தொகை அல்ல. நீதிமன்றம் அலுவலகத்திடம் விளக்கம் கேட்டது. சில வாரங்களில், அத்தனை காலம் ஊமையாக இருந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், வேலை நிறுவனத்தின் புதிய சான்று, கூடவே கையெழுத்திட ஒரு புதிய உறுதிமொழி. நாஜி ஆட்சியின் கொடுமைகளால் ஜெர்மனிக்கு இருக்கும் சிறப்பான வரலாற்றுப் பொறுப்பையும், யூத மக்களின் பாதுகாப்பையும் ஏற்றுக்கொள்கிறேன் என்ற அந்த உறுதிமொழி 2024 சட்டத்தோடு வந்தது. முன்பு விண்ணப்பித்தவர்களும் தர வேண்டும். இருமுறை படித்து, மனமறிந்து கையெழுத்திட்டேன்.

அந்தக் கடிதத்தின் அடியில் ஓர் அதிகாரியின் பெயரும் நேரடித் தொலைபேசி எண்ணும் இருந்தன. அழைத்தேன். எடுத்தார். அன்பாகவே பேசினார். தன்னிடம் இருக்கும் கோப்புகளின் எண்ணிக்கையைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டார். இந்த ஒரு பேச்சு ஓராண்டு முன்பே நடந்திருந்தால் நாங்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கவே மாட்டோம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நகராட்சிக் கட்டடத்தில், ஜெர்மன் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தை மதிப்பேன் என்று உரக்கச் சொல்லிச் சான்றிதழைப் பெற்றோம். மகன் எங்களைவிடத் தெளிவாக உச்சரித்தான். முடிவு வந்துவிட்டதால் வழக்கு முடிந்தது. நியாயமான காலத்தில் பதில் வராததால்தான் வழக்கு வந்தது என்று சொல்லி, செலவை அலுவலகமே ஏற்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பொதுவாக இப்படித்தான் நடக்கும். ஆனால் ஆவணம் எதையாவது நீங்கள் தராமல் விட்டிருந்தால் கணக்கு மாறிவிடும். ஆகவே அனுப்பியதற்கெல்லாம் அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்றாலும் இந்தியா ஏற்பதில்லை. சான்றிதழ் பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. அதன் பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அதை ஒப்படைத்து, அதற்கான சான்று வாங்கி, பிறகு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டையை வைத்து விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பாவின் வயல் வாரிசுரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு நிம்மதி. ஊரில் வயதான பெற்றோர் இருந்தால், சான்றிதழ் வாங்கும் தேதிக்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஜெர்மன் பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. அட்டையும் கைக்கு வரும்வரை அவசரத்துக்குக் கிளம்புவது கடினம். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓ.சி.ஐ. விண்ணப்பத்துக்குத் தேவைப்படும்.