எந்த வேஃபரின் எண் இது?

சிப் தயாரிக்கும் ஆலையான ஃபேபில் ஒரு வேஃபர், அதாவது மெல்லிய சிலிக்கான் வட்டத்தகடு, பல நூறு படிகளைக் கடந்த பிறகுதான் வெளியே வரும். இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். படலம் பூசுவது, ஒளியால் வடிவம் பதிப்பது, அரித்தெடுப்பது, அளப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டூல், அதாவது இயந்திரம். எந்த டூலில் எந்த வேஃபருக்கு என்ன நடந்தது என்பதை ஃபேபின் ஹோஸ்ட் மென்பொருள் கேட்டு வாங்கிப் பதிந்துவைக்க வேண்டும். அந்த ஹோஸ்டையும் டூலையும் பேச வைப்பதுதான் நாகர்கோவிலில் நாங்கள் செய்யும் வேலை. ஃபேப்கள் இருப்பது தைவானிலும் மலேசியாவிலும். நிரலை இங்கே எழுதி, சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து அனுப்புவோம். முதல்முறை டூலோடு இணைக்கும்போது யாராவது ஒருவர் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுவார். மற்றபடி அங்கிருந்து வரும் லாக் எனும் பதிவுக் கோப்புகளை வைத்துத்தான் எல்லாம்.

பேசும் முறையை சிப் துறை நிறுவனங்களின் சங்கமான செமி தரநிலையாக வகுத்து வைத்திருக்கிறது. ஆரம்பத்தில் ஆர்.எஸ். 232 சீரியல் கேபிள். பிறகு ஹெச்.எஸ்.எம்.எஸ். வந்து அதே செய்திகளை ஈதர்நெட்டில் கொண்டுபோனது. பழைய ஃபேப்களில் இன்றும் சீரியல் கேபிளில் ஓடும் டூல்கள் உண்டு. செய்திகளுக்கு எண்தான் பெயர்: எஸ் என்பதை அடுத்து வருவது பிரிவின் எண், எஃப் என்பதை அடுத்து வருவது அந்தப் பிரிவில் செய்தியின் எண். எஸ்2எஃப்33-ல், ரிப்போர்ட்டில் என்னென்ன அளவுகள் வேண்டும் என்று சொல்கிறோம். 35-ல் அதை எந்த ஈவென்டோடு, அதாவது டூலில் நடக்கும் எந்த நிகழ்வோடு, சேர்ப்பது என்று சொல்கிறோம். 37-ல் அந்த ஈவென்டை இயக்கிவிடுகிறோம். அப்புறம் டூலில் அந்த நிகழ்வு நடக்கும்போதெல்லாம் எஸ்6எஃப்11 தானாக வந்து சேரும்.

பக்கத்து ஊர்களான கோணத்திலும் சுங்கான்கடையிலும் பொறியியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், முதல் எஸ்6எஃப்11 திரையில் விழுந்ததும், “அக்கா, கனெக்ட் ஆயாச்சு” என்று துள்ளுவார்கள். அந்தச் சந்தோஷம் எனக்கும் உண்டு. ஆனாலும் உடனே ஒரு கேள்வி கேட்பேன்: இந்த எண் எந்த வேஃபருடையது?

இந்தக் கேள்வி எங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டதற்கு ஒரு டூல் காரணம். ஹாஃப்னியம் ஆக்சைடை அணு அடுக்காகப் பூசும் டூல் அது. 2007-ல் இன்டெல் தன் 45 நானோமீட்டர் சிப்பின் டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கேட் பகுதியில் ஹாஃப்னியம் கலந்த படலத்தைத்தான் கொண்டுவந்தது. ஹாஃப்னியம் ஜிர்கான் தாதுவோடு ஒட்டியே கிடைக்கும். அந்த ஜிர்கான் எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறது, மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.-இன் ஆலை அங்கே அதைப் பிரித்தெடுக்கிறது. அந்த வழியாக பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், எங்கோ இருக்கும் டூல் கொஞ்சம் நம்முடையது ஆகிவிடுகிறது.

அந்த டூலில் ‘வேஃபர் முடிந்தது’ என்ற ஈவென்டோடு, படலம் பூசும் அறையான சேம்பரின் சராசரி அழுத்தத்தைக் கேட்டிருந்தோம். ஒரு பெட்டிக்கு 25 வேஃபர். 25 ஈவென்ட் வந்தது. ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருந்தது. வரைபடத்தில் எல்லாம் எல்லைக்குள். வாடிக்கையாளருக்கும் திருப்தி. டூலை ரீஸ்டார்ட் செய்த பிறகு வந்த லாகைப் படித்துக்கொண்டிருந்த ஒரு தங்கைதான் கேட்டாள்: “அக்கா, முத வேஃபருக்கு மட்டும் சைபர் வருது, பாத்தீங்களா?”

அந்த டூலின் கட்டுப்பாட்டு மென்பொருள் ஈவென்டை முதலில் அனுப்பிவிட்டு, சராசரியைப் பிறகு கணக்கிட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு விநாடிகூட இல்லை. ஆனால் ஈவென்ட் கிளம்பும் கணத்தில் அந்த இடத்தில் இருந்தது முந்தைய வேஃபரின் சராசரி. இரண்டாவதின் பெயரில் முதலாவதின் எண், மூன்றாவதின் பெயரில் இரண்டாவதின் எண் என்று வரிசை முழுக்க ஒன்று தள்ளிப் போயிருந்தது. அடுத்தடுத்த வேஃபர்களின் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும் என்பதால் வரைபடத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் நன்றாக நடக்கும்வரை இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு வேஃபரில் அழுத்தம் பிசகினால், பழி அடுத்த வேஃபர் மேல் விழும். நல்லதைத் தூக்கி எறிந்துவிட்டு, கெட்டதை அடுத்த படிக்கு அனுப்பிவிடுவார்கள்.

டூல் நிறுவனத்தின் பொறியாளர் கையேட்டைக் காட்டினார். கையேட்டில் ஈவென்டும் இருந்தது, அளவும் இருந்தது. எது முந்தி, எது பிந்தி என்ற வரிதான் இல்லை. நாங்கள் எஸ்2எஃப்23 அனுப்பி, அழுத்தத்தை விநாடிக்கு ஒருமுறை தனியாக வாங்கினோம். அதிலிருந்து நாங்களே ஒவ்வொரு வேஃபருக்கும் சராசரி எடுத்து, ரிப்போர்ட்டில் வந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு வரி கீழே நகர்த்தினால் இரண்டு பத்தியும் பொருந்தின. அதன்பிறகு யாரும் கையேட்டைக் காட்டவில்லை. ‘வேஃபர் சேம்பரை விட்டு வெளியேறியது’ என்று பின்னால் வரும் இன்னொரு ஈவென்டோடு அதே ரிப்போர்ட்டை இணைத்தோம். அதற்குள் சராசரி புதிதாகியிருக்கும். நிரலில் மாறியது ஓர் எண் மட்டும்.

தரநிலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேறு வேறு நிறுவனங்களின் டூல்களை ஒரே ஹோஸ்ட் இத்தனை காலம் கட்டி மேய்க்கிறது என்றால் அது அந்தத் தரநிலையால்தான். ஆனால் அது உறுதி சொல்வது செய்தியின் வடிவத்துக்கு. எண்ணின் பொருளை ஒவ்வொரு டூலிடமும் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அழுத்தம் டார் அலகிலா பாஸ்கலிலா என்பதே ரிப்போர்ட்டில் இருக்காது. ஒரு டார் என்றால் சுமார் 133 பாஸ்கல். டூலின் அப்போதைய நிலையைக் காட்டும் அளவுகளுக்கு மட்டும் எஸ்1எஃப்11 அனுப்பிப் பெயரையும் அலகையும் கேட்டுக்கொள்ளலாம். டூலின் கடிகாரமும் ஹோஸ்டின் கடிகாரமும் விலகியிருந்தால் எந்தச் சராசரியும் உதவாது.

இருக்கிற அளவுகளையெல்லாம் வாங்கிக் குவிக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களிடமும் இதையேதான் சொல்கிறேன். பழைய டூலின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு வேஃபரை ஓட்டுவதுதான் முதல் வேலை. ஆயிரம் அளவுகளை விநாடிக்குப் பத்துமுறை கேட்டால் அது திணறும். எது எந்தக் கணத்தின் அளவு என்று தெரிந்த இருபது எண்கள் போதும், அதை வைத்து நிறைய செய்யலாம்.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு இரண்டு பருவமழை வாங்கும் ஊர் இது, கரண்ட் போவது புதிதல்ல. ஆனால் அதற்காகக் காத்திருப்பதில்லை. லாட், அதாவது ஒரு தொகுதி வேஃபர், பாதியில் இருக்கும்போது நாங்களே கேபிளைப் பிடுங்குவோம். ஹெச்.எஸ்.எம்.எஸ். டூல் பொதுவாக ஒரே ஒரு இணைப்பைத்தான் ஏற்கும். கேபிள் போனதை டூல் உணராவிட்டால், பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாக நினைத்து, திரும்பி வரும் ஹோஸ்டை வாசலிலேயே நிறுத்திவிடும். லிங்க்டெஸ்ட் எனும் சின்னச் செய்தியைக் குறிப்பிட்ட இடைவெளியில் அனுப்புவது அதற்காக. இணைப்பு மீண்டதும், டூல் சேர்த்துவைத்த செய்திகளை எஸ்6எஃப்23-ல் கேட்டு வாங்கி, வரிசையும் எண்ணிக்கையும் சரியா என்று பார்ப்போம்.

2024-ல் குஜராத்தின் தொலேராவிலும் அசாமின் ஜாகிரோட்டிலும் சிப் ஆலைகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். இனி நம் நாட்டிலேயே டூல்கள் வந்து இறங்கும். வாங்குகிறவர்களிடம் நான் கேட்பது இது: டூலை ஏற்கும் சோதனையில், ரீஸ்டார்ட் செய்த உடனே ஒரு முழுப் பெட்டியை ஓட்டி, முதல் வேஃபரின் எண்ணையும் கடைசி வேஃபரின் எண்ணையும் டூலின் சொந்தப் பதிவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். அதற்கான ஸ்கிரிப்டை அந்தத் தங்கையே எழுதிவிட்டாள். இப்போது எங்களிடம் வரும் ஒவ்வொரு டூலுக்கும் முதலில் ஓடுவது அதுதான்.