ஒன்பது பேர் வகுப்பு

ஜூன் 4, 2025, புதன்

சித்தி மகள் இரவு ஒன்பதரைக்கு அழைத்தாள். இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்திருக்கிறதாம். ஒன்று, பல்லாயிரம் பேர் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம். மற்றது, எல்லாத் துறைகளையும் சேர்த்தே அறுநூறு பேர் உள்ள தனியார் பல்கலைக்கழகம். "நீ அப்படி ஓர் இடத்தில்தானே படித்தாய், அக்கா? உள்ளதை உள்ளபடி சொல்" என்றாள். அவளுக்கும் வேதியியல்தான் பாடம்.

"தயங்காமல் சேர்ந்துவிடு" என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. நான் பட்டம் வாங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அந்த வளாகத்தின் மேல் எனக்கிருக்கும் பாசத்தை நம்பி அவள் நான்கு ஆண்டுகளைக் கொடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்புகிறேன் என்றிருக்கிறேன். அதுவரை நினைவுக்கு வருவதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய ஆய்வக நோட்டை எடுத்தேன். இரண்டாம் பருவம். ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும், அதாவது எவ்வளவு பெர்மாங்கனேட் செலவாகிறது என்று அளந்து அமிலத்தின் செறிவைக் கண்டறியும் சோதனை.

அது பொறுமையைக் கேட்கும் சோதனை. குடுவையில் இருக்கும் அமிலக் கரைசலை அறுபது, எழுபது டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே ப்யூரெட்டை, பெர்மாங்கனேட் நிரப்பிய அளவுகோடிட்ட கண்ணாடிக் குழாயை, திறக்க வேண்டும். முதலில் விழும் சொட்டுகளின் ஊதா நிறம் மறையச் சற்று நேரம் பிடிக்கும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனிகளே வினையைத் துரிதப்படுத்துவதால், அடுத்த சொட்டுகள் விழுந்த வேகத்தில் நிறமிழக்கும். கடைசியில் ஒரு வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் கலையாமல் நின்றால் முடிவுநிலை வந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி அளக்க வேண்டுமென்றால் புதிய கரைசலை எடுத்து, மறுபடி சூடாக்க வேண்டும்.

அன்று நேரமாகிவிட்டது. இரண்டு முறைதான் செய்தேன். செலவான பெர்மாங்கனேட் 12.40 மி.லி., 12.45 மி.லி. இரண்டாவதைத் திருத்தி, மூன்றாவதைச் செய்யாமலே எழுதினேன். நோட்டில் 12.40 என்று மூன்று முறை இருக்கிறது.

பக்கத்தின் ஓரத்தில் ஆசிரியரின் பென்சில் எழுத்து இன்னும் மங்கவில்லை. "மூன்றும் ஒன்றேயா? நாளை மாலை ஐந்து மணிக்கு வா."

போனேன். அவர் திட்டவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "செய்ம்மா, நான் பார்க்கிறேன்" என்றார். ப்யூரெட்டை எங்கே படிக்கிறேன் என்று கவனித்தார். அடர்ந்த நிறமுள்ள கரைசலில் பிறைத்தளத்தின், அதாவது மேற்பரப்பு வளைவின், அடி தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும். அன்று மூன்று முறை செய்தேன். 12.35, 12.45, 12.40. அவர் மூன்று எண்களையும் பார்த்துவிட்டு, "இந்த வித்தியாசத்தை ஒருநாளும் அழிக்காதே. உன் கையும் கண்ணும் எவ்வளவு பிசகுகின்றன என்பதைச் சொல்வது இது மட்டும்தான்" என்றார். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு நாங்கள் கிளம்பும்போது மணி ஏழரை.

நல்ல ஆசிரியர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் ஒன்பது பேர். ஒன்பது நோட்டுகளை ஒரே இரவில் வரி வரியாகப் படித்துவிடலாம். இருநூறு நோட்டுகள் வந்தால் எப்பேர்ப்பட்டவராலும் விடையைப் பார்த்து மதிப்பெண்தான் போட முடியும். இன்று மருந்துத் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒவ்வொரு நாளும் அளவீடுகளுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். அந்த மாலை இல்லாவிட்டால் எப்படிப்பட்ட கையெழுத்தாக இருந்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

மறுபக்கத்தையும் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

ஒன்பது பேர் வகுப்பில் ஒளிய இடமில்லை. முதலாண்டில் இரண்டு பேருக்குள் மூண்ட மனத்தாங்கலில் வகுப்பே இரண்டாகப் பிளந்தது. யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதைத் துறை முழுவதும் கவனித்தது. தெரியாதவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்றால், தெரியாதவர்களே அங்கே இல்லை.

அதைவிடக் கொடியது இன்னொன்று. என் தோழி ஒருத்திக்கும் ஓர் ஆசிரியருக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பருவத்தின் ஆறு தாள்களில் மூன்றை அவர்தான் எடுத்தார். பெரிய இடமாக இருந்தால் வேறு பிரிவுக்கு மாறியிருப்பாள். அங்கே வேறு பிரிவு கிடையாது. முறையிடலாமென்றால் துறைத் தலைவரும் அவரே. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் அவள் விட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு நாங்கள் எட்டுப் பேர். அவள் உட்கார்ந்த நாற்காலியை எடுத்து எறிய வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆசிரியர் நல்லவராக அமைந்தால் அங்கே எல்லாமே நன்மை. அவர் அப்படி இல்லாவிட்டால் ஓடிப் போகவும் வழியில்லை. இதை நான் தங்கையிடம் மறைத்தால் அந்தத் தோழிக்குச் செய்யும் துரோகம்.

ஜூன் 7, சனி

இன்று விடுமுறை. உட்கார்ந்து நிறைய யோசித்தேன்.

கையேட்டில் பன்னிரண்டு விருப்பப் பாடங்கள் அச்சிட்டிருந்தார்கள். நான் படித்த காலத்தில் நடந்தவை நான்கு. குறைந்தது ஐந்து பேர் பதிவு செய்தால்தான் ஒரு பாடம் நடக்கும் என்பது விதி. எட்டுப் பேர் வகுப்பில் ஐந்து பேர் ஒரே பாடத்தை விரும்ப வேண்டுமே! பாலிமர் வேதியியல் படிக்கத்தான் நான் அங்கே சேர்ந்தேன். அது ஒரு முறைகூட நடக்கவில்லை. மூலக்கூறு அமைப்பை அறிய உதவும் அகச்சிவப்பு நிறமாலைமானி பழுதாகி ஏழு மாதம் துணி போர்த்தியே கிடந்தது.

காரணம் அன்று புரியவில்லை, இப்போது புரிகிறது. சிறியதாக இருப்பதே பலவீனமாகிவிடாது. அமெரிக்காவின் கால்டெக்கும் சிறிய தனியார் பல்கலைக்கழகம்தான். இளநிலை மாணவர்கள் சுமார் ஆயிரம் பேர். 1961 முதல் 1963 வரை இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தியது அங்கேதான். அதற்கு நன்கொடைகளால் சேர்ந்த பெரும் மூலநிதி இருக்கிறது. மூலநிதி இல்லாமல் மாணவர் கட்டணத்தை மட்டுமே நம்பி ஓடும் இடத்தில், ஓர் ஆண்டு இருபது பேர் குறைந்தால் ஓர் ஆசிரியரின் சம்பளம் போய்விடும். அவர் போனால் அவர் எடுத்த பாடமும் போகும், பாடம் போனால் அடுத்த ஆண்டு இன்னும் ஐந்து பேர் குறைவார்கள். எங்கள் துறையில் அடுத்தடுத்து இரண்டு ஆசிரியர்கள் விலகியபோது இதைத்தான் கண்ணெதிரே பார்த்தேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்வீட் பிரையர் என்றொரு பெண்கள் கல்லூரி. பண நெருக்கடியால் மூடப்போவதாக 2015 மார்ச்சில் அதன் நிர்வாகக் குழு அறிவித்தது. படித்து முடித்துப் போன பெண்கள் அதை ஏற்கவில்லை. நிதி திரட்டினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். ஜூன் மாதத்தில் சமரசம் ஏற்பட்டுக் கல்லூரி பிழைத்தது. அந்தச் செய்தியை முதலில் படித்த அன்று, பட்டம் வாங்கிய பிறகு முதல் முறையாக எங்கள் துறைக்குச் சிறு தொகை அனுப்பினேன்.

ஜூன் 8, ஞாயிறு

சான்றிதழில் இருக்கும் பெயரைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். முதல் மூன்று நேர்காணல்களிலும் எதிரே இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது?" பெரிய இடத்தில் படித்தவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் மிச்சம். பழைய மாணவர்கள் எந்த நிறுவனத்திலும் இல்லாததால் கைகாட்டிவிடவும் ஆளில்லை.

நான்காவது நேர்காணலில் ஒரு பெண் அதிகாரி என் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு வரியைப் படித்துக் காட்டினார். "இவர் முதலாண்டில் ஒரு முறை எடுக்காத அளவீட்டை எழுதினார். அதற்குப் பின் மூன்று ஆண்டுகளாக இவர் நோட்டைப் பார்த்து வருகிறேன், ஒரு எண்ணையும் சந்தேகிக்க நேர்ந்ததில்லை." முகம் சுட்டது. "அன்று என்ன நடந்தது?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். வேலை கிடைத்தது. கூட்டத்தில் ஒருத்தியாக இருந்திருந்தால் அந்த வரியை யாரும் எழுதியிருக்க முடியாது.

1816இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணம் டார்ட்மத் கல்லூரியை அரசு வசமாக்க முயன்றது. அதன் பழைய மாணவர் டேனியல் வெப்ஸ்டர் 1818இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கல்லூரிக்காக வாதாடினார். அது சிறிய கல்லூரிதான், ஆனாலும் அதை நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் கலங்கியதாகச் சொல்வார்கள். 1819இல் தீர்ப்பு கல்லூரிக்குச் சாதகமாக வந்தது. வெப்ஸ்டரின் அந்த வரி எனக்கு மிக நெருக்கமானது.

தங்கைக்கு மாலையில் எழுதிவிட்டேன். சேர், சேராதே என்று எழுதவில்லை. போய் ஒரு நாள் இருந்து பார்க்கச் சொன்னேன். கையேட்டில் உள்ள விருப்பப் பாடங்களில் சென்ற ஆண்டு உண்மையில் நடந்தவை எவை என்று கேள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர், மனக்கசப்பு வந்தால் துறைக்கு வெளியே யாரிடம் போகலாம், படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள். அதிகாரிகளைவிட இரண்டாமாண்டு மாணவர்களிடம் கேட்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதி வாங்கி ஒரு வகுப்பில் போய் உட்கார்.

ஜூன் 14, சனி

போய் வந்துவிட்டாள். பத்து விருப்பப் பாடங்களில் சென்ற ஆண்டு ஆறு நடந்திருக்கின்றன. ஆசிரியர்கள் ஏழு பேரில் ஐந்து பேர் பழையவர்கள். துறைக்கு வெளியே யாரிடம் முறையிடுவது என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் கிடைக்கவில்லையாம். அதை எழுத்தில் கேட்டு அனுப்பச் சொன்னேன்.

"வகுப்பில் உட்கார்ந்தாயா?"

"உட்கார்ந்தேன், அக்கா. பதினொரு பேர். பாடம் எடுத்த அம்மா என் பெயரைக் கேட்டார், பிறகு என்னிடமே ஒரு கேள்வி கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்."

"பிறகு?"

"காத்திருந்தார். நான் யோசித்துப் பாதி விடை சொன்னேன். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கும் வரை அடுத்த ஆளிடம் போகவே இல்லை."

சேர்க்கைப் படிவத்தைத் திங்கட்கிழமைக்குள் சேர்ப்பிக்க வேண்டுமாம். சான்றிதழ் நகல்களைச் சரிபார்க்க எனக்கு அனுப்பியிருக்கிறாள். ஒன்றில் பதிவு எண் மங்கலாக விழுந்திருக்கிறது. அதை மட்டும் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.