தளத்துக்குள் நான்கு குடம் தண்ணீர்

எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டில், வளவு என்னும் நடுமுற்றத்தை ஒட்டியிருக்கும் இரண்டு அறைகளுக்கும் ஒரே பட்டறையில், ஒரே அச்சில் வார்த்த ஆத்தங்குடிப் பூக்கல்லைத்தான் தரைக்குப் பதித்தோம். ஓர் அறையில் கல்லின் சிவப்பு பதித்த நாளில் இருந்தபடியே இருக்கிறது. மற்ற அறையில், கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் ஏறியதும், கல்லின் ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கிறது. விரலால் தொட்டால் திருநீறு போல ஒட்டிக்கொள்கிறது. கல்லைக் குறை சொல்ல முடியாது, பதித்தவரையும் குறை சொல்ல முடியாது. கல்லுக்குக் கீழே இருக்கும் தளம் காய்வதற்கு ஓர் அறையில் நாங்கள் நாள் கொடுத்தோம், மற்றதில் கொடுக்கவில்லை.

உப்புப் பூக்கும் அறைதான் நாங்கள் முதலில் போட்டது; அந்த அவசரத்துக்குக் காரணம் தங்கையின் திருமணம். தை மாதத்தில் நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தைச் சொந்த வீட்டில் வைப்பதுதான் பெருமை என்பதால், பெயர்த்துப் போட்ட அறையோடு உறவினரை வரவேற்க ஆத்தா சம்மதிக்கவில்லை. பழைய சிமெண்ட் தரையை உடைத்து, கிராவல் கொட்டித் திமிசு போட்டு, கான்கிரீட் இட்டு, அதன்மேல் இரண்டு அங்குலத்துக்கு மட்டப் பூச்சு போட்டது கார்த்திகை நடுவில். அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் கல் பதிக்கத் தொடங்கிவிட்டார்கள். மேஸ்திரி தயங்கினார் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். "மேலே வெளுத்திருக்கு தம்பி, உள்ளே இன்னும் பச்சையாத்தான் இருக்கு" என்றார். நான்தான் கேட்கவில்லை.

அவர் சொன்ன பச்சை எவ்வளவு என்பதைப் பின்னால் ஒருநாள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறைக்கு, இரண்டு அங்குலக் கனத்தில், ஒன்றுக்கு நான்கு என்ற கலவைக்குச் சுமார் நாலரை மூட்டை சிமெண்ட் பிடிக்கும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று வைத்தாலும் 110 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போகிறது. சிமெண்ட் இறுகும்போது தன் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குத் தண்ணீரைத்தான் வேதி வினையில் தனக்குள் கட்டிக்கொள்ளும். மீதி சுமார் 55 லிட்டர், அதாவது வீட்டில் புழங்கும் பிளாஸ்டிக் குடத்தில் நான்கு குடம், தளத்தின் நுண்துளைகளில் தேங்கி நிற்கிறது. அதில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும். பெரும்பகுதி மெல்ல மெல்ல மேல்முகம் வழியாக ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். கொத்தனார் கலவையைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். பிடித்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. சித்தாளுக்குக் கிளறச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றினால், காய வேண்டிய நாளும் கூடும். சுருங்கி வெடிப்பதும் கூடும்.

நம் ஊரில் பலரும் குழப்பிக்கொள்வது, தண்ணீர் விடும் நாளையும் காயவிடும் நாளையும் ஒரே கணக்கில் சேர்ப்பது. தளம் போட்ட மறுநாளிலிருந்து ஈரச் சாக்கு விரித்தோ பாத்தி கட்டியோ நனைத்து வைப்பது, சிமெண்ட் முழு வலிமைக்கு இறுகுவதற்கு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் போன்றவற்றுக்கு 10 நாளும் சொல்கிறது; வறண்ட வெயில் காலத்தில் அவை 10, 14 என்று உயரும். இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது பிபிசிதான் என்பதால், மட்டப் பூச்சுக்கும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வது நல்லது. காய்வது என்பது அந்த நாள்கள் முடிந்து, கடைசிச் சாக்கையும் எடுத்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்குக் கட்டுமானத்தில் நெடுங்காலமாக உள்ள கணக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள். 50 மில்லிமீட்டருக்கு, அதாவது எங்கள் இரண்டு அங்குலத்துக்கு, மேல் போனால் அதைவிட மெதுவாகும். இது குளிர்நாட்டில் பிறந்த கணக்கு. பங்குனி வெயிலில் நமக்குக் கொஞ்சம் முன்னதாகவே காயலாம், ஐப்பசி கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது அந்த 50 நாளும் போதாமல் போகலாம். நாங்கள் முதல் அறையில் கொடுத்த பன்னிரண்டு நாளில், நனைப்பதற்கான பத்து நாள் போக, காய்வதற்கென்று கிடைத்தது இரண்டே நாள்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அது சூளையில் சுட்ட கல் அன்று. கண்ணாடித் தட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் தூவி, பின்பு கலவையை இட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியிலிருந்து உரிந்து வருவதால்தான் அந்த வழவழப்பு. முகம் வழவழப்பாக இருந்தாலும் உடம்பு முழுக்க நுண்துளைதான். கடையில் வாங்கும் விட்ரிஃபைடு கல் தண்ணீரைத் தன்னூடே விடாது. ஈரம் இடுக்குகளில் மட்டும் தலைகாட்டும். பூக்கல்லோ கீழேயிருக்கும் ஈரத்தைத் திரி போல உறிஞ்சி மேலே கொண்டுவரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்து வந்த சுண்ணாம்பும் உப்பும் மேலே தங்கிவிடும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம், கலவைக்கும் அதைத்தான் ஊற்றினோம் என்பது கூடுதல் வினை.

இரண்டாவது அறையை மாசி முதல் வாரத்தில் தொடங்கினோம். கான்கிரீட்டுக்கு அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பை, ஒன்றின்மேல் ஒன்று ஓரடி ஏறும்படி விரித்து, சுவரோரம் மேலே மடக்கி வைத்தோம். தளத்தில் ஊற்றிய தண்ணீர் ஒருநாள் தீரும், மண்ணிலிருந்து ஏறும் தண்ணீர் தீராது. விரிப்பு இல்லாத அறையில் எத்தனை மாதம் காயவிட்டாலும் அடுத்த மழைக்கு ஈரம் மறுபடி வந்துவிடும். ஆனால் நம் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் இதற்கும் ஒரு விலை உண்டு: தரையில் வழி அடைபட்ட ஈரம் சுவரைத் தேடிப் போகும். அதனால் சுவரின் அடிப்பகுதியில் சிமெண்டோ எனாமல் வண்ணமோ பூசாமல், சுண்ணாம்பாகவே மூச்சுவிடும்படி விட்டுவைத்திருக்கிறோம்.

கான்கிரீட்டின் முகத்தைக் கொத்திவிட்டு, கழுவி, சிமெண்ட் பால் தெளித்து, அது காய்வதற்குள் மட்டப் பூச்சைப் போட்டார்கள். தண்ணீர் ட்யூபால் மட்டம் பார்த்து நான்கு மூலையிலும் நடுவிலும் புள்ளி வைத்து, அலுமினியச் சட்டத்தால் இழுத்து, மணியாஸ் என்னும் மரக்கட்டையால் தேய்த்து நிறுத்திக்கொண்டார்கள். கரணையால் இழைத்துப் பளபளப்பாக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் முன்பே பேசியிருந்தோம்; முகம் இறுகிவிட்டால் ஈரம் வெளியேறத் தாமதமாகும், கல் ஒட்டும் பசையும் பிடிக்காது. பதினான்கு நாள் சாக்கு. பிறகு சன்னலைத் திறந்துவிட்டு ஐம்பது நாள். முதல் வாரத்தில் மின்விசிறியைப் போட வேண்டாம் என்று சொன்னது அவர்தான்: மேல்முகம் மட்டும் வேகமாகக் காய்ந்து சுருங்கினால் ஓரங்கள் அப்பளம் போல எழும்பிக்கொள்ளும். ஒரு மூலையில் பெயின்டர் அடுக்கி வைத்த டப்பாக்களை இருபதாம் நாள் நகர்த்தியபோது, அவற்றுக்குக் கீழே மட்டும் வட்ட வட்டமாகக் கறுத்திருந்தது. தளம் காய்வதற்கு மூச்சு தேவை என்பதை எனக்கு அந்த வட்டங்கள்தான் நம்பவைத்தன.

அதையே சோதனையாகவும் செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டியான, நிறமற்ற பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் தரையில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். வெயில் நேரே விழும் இடமாக இருக்கக் கூடாது. நாற்பதாம் நாள் ஒட்டியபோது, காலையில் தாளின் உள்பக்கம் இட்லிப் பானையின் மூடி போலத் துளித்துளியாக வேர்த்திருந்தது. ஐம்பதாம் நாள் மூன்று இடங்களில் ஒட்டினோம். தாள் உலர்ந்திருந்தது, தரையிலும் நிற மாற்றம் இல்லை. ஆழத்தில் எவ்வளவு ஈரம் என்பதை இந்தச் சோதனை சொல்லாது என்பது அதன் குறை. ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா மகன் அங்கே செய்வதைச் சொன்னான்: தளத்தைக் கொத்தி எடுத்த துண்டை நொறுக்கி, கால்சியம் கார்பைடோடு எஃகுக் குப்பியில் போட்டுக் குலுக்கினால், ஈரம் பட்டு வாயு கிளம்பும், அழுத்தமானியில் அளவு தெரியும். சிமெண்ட் தளத்துக்கு 2 விழுக்காட்டுக்குள் வந்தால்தான் கல் பதிப்பார்களாம். நம் ஊரில் திருட்டுத்தனமாக மாம்பழம் பழுக்கவைக்கும் அதே கார்பைடு கல்தான்.

காய்ந்த தளத்தின்மேல் உடனே பதித்துவிடவும் இல்லை. கம்பியால் தட்டிக்கொண்டே நடந்ததில் வாசலோரம் ஓரிடம் பொள்ளலாக ஒலித்தது; அதை மட்டும் வெட்டி எடுத்து மறுபடி பூசிக் காயவிட்டோம். ஆணியால் கீறிப் பார்த்து, உதிர்ந்த இடங்களில் கம்பிப் பிரஷ் போட்டு, தூசியைத் துணியால் ஒற்றி எடுத்தோம். முதல் அறையில் ஈரக் கலவையைக் கொட்டி அதன்மேல் கல்லை வைத்ததால் தளத்தின் ஈரத்தோடு கலவையின் ஈரமும் சேர்ந்துகொண்டது; இந்த அறையில் பசை கொண்டு பதித்தோம். கையால் செய்த கல்லில் கனம் ஒன்றுபோல இராது என்பதால் பசை ஒரு சென்டிமீட்டர் வரை போயிற்று. ரப்பர் சுத்தியலால் அடிக்க விடவில்லை, கையால் அழுத்தித்தான் உட்காரவைத்தார்கள். அடித்தால் இந்தக் கல்லில் மயிரிழை விரிசல் விழும்.

முதல் அறைக்கு இப்போதைக்கு உலர்ந்த பிரஷ்ஷும் துணியும்தான் வைத்தியம். ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னவர்கள் உண்டு. அது உப்போடு சேர்த்துச் சிமெண்டையும் வண்ணத்தையும் அரித்துவிடும். ஆத்தா தேங்காய் எண்ணெய் தேய்க்க வேண்டும் என்கிறார். உப்புப் பூப்பது நிற்கும்வரை வேண்டாம் என்று தள்ளிப்போட்டு வருகிறேன்.

மூன்றாவது அறைக்குப் போன வாரம் மட்டப் பூச்சு போட்டிருக்கிறோம். தளம் போட்ட தேதியையும் சாக்கை எடுக்கும் தேதியையும் சுவரில் பென்சிலால் எழுதிவைப்பது மேஸ்திரியின் வழக்கமாகிவிட்டது. இப்போதைக்கு முதல் தேதி மட்டும்தான் இருக்கிறது. பட்டறையில் கல்லுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை.