கச்சான் காற்றும் கொதித்த அம்பாசிடரும்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசிடர் 1977ஆம் ஆண்டின் மார்க் 3 வண்டி. 1489 சிசி பெட்ரோல் என்ஜின் கொண்டது. அப்பா வாங்கியது. இப்போது அதை நான்தான் ஓட்டுகிறேன், பராமரிப்பதும் நான்தான். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், மண்டபத்தைத் தாண்டிப் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, டாஷ்போர்டின் கீழே தனியாக மாட்டியிருக்கும் டெம்பரேச்சர் மீட்டரின் முள் 100 டிகிரியைத் தொட்டுவிட்டது. பாலத்தின் மேல் நிறுத்த மனமில்லாமல், ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட்டபடியே இறங்கி, அக்காள்மடத்தில் ஓரங்கட்டி பானட்டைத் திறந்து வைத்தேன். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும் என்பதால் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பக்கத்து டீக்கடை அக்கா கேட்காமலேயே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதை ஊற்றித்தான் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தேன்.

மாலையில் அதே சாலையில், அதே நான்கு பேரோடு ராமநாதபுரம் திரும்பியபோது, 55 கிலோமீட்டர் தூரமும் முள் 85ஐ விட்டு நகரவில்லை. அடுத்த இரண்டு பயணங்களிலும் இப்படியே நடந்தது: போகும்போது கொதித்தது, வரும்போது கொதிக்கவில்லை. பகல் வெயில் என்றார்கள் சிலர், பாலத்து ஏற்றம் என்றார்கள் சிலர். காலை ஆறு மணிக்குப் போனபோதும் கொதித்தது; பாலம் திரும்பும்போதும் இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாவது பயணத்தில்தான் காரணம் கண்ணில் பட்டது. மண்டபத்துக்கு முன்னால் சாலையோர மணல் காற்றில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த மணல் என் வண்டியின் பக்கத்திலேயே, முந்தாமலும் பின்தங்காமலும், கூடவே வந்தது. பனைமரங்களின் ஓலைகள் எல்லாம் நான் போகும் திசைக்கே சாய்ந்திருந்தன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். காற்று மீறிப் போனால் பாம்பன் ரயில் பாலத்தில் ரயிலையே நிறுத்திவிடுவார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். வண்டி கிழக்கு நோக்கி மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது பின்னாலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், ரேடியேட்டரின் முகத்தில் படுவது 10 கிலோமீட்டர் காற்றுதான். திரும்பும்போது அதே காற்று எதிரே வந்து 90 ஆகிவிடுகிறது. போகும் வழியில் என் என்ஜின் ஃபேனை மட்டுமே நம்பி ஓடியிருக்கிறது.

ஆனால் கச்சான் காற்று அப்பா காலத்திலும் வீசியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்த இந்தக் கார், உத்தர்பாராவில் 2014 வரை தயாராகி, அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த நாட்டு வெயிலில் டாக்ஸியாகவும் அரசு வண்டியாகவும் ஓடியிருக்கிறது. எனவே இதன் குளிர்விக்கும் அமைப்பே போதாது என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இருந்த திறன் எங்கோ குறைந்திருக்கிறது. காற்று அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அது எங்கே போனது என்று தேடுவதுதான் வேலை.

முதலில் ஹெட் கேஸ்கட்டை, அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டைச் சோதித்தேன். குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பார்த்ததில் ரேடியேட்டர் நீரில் குமிழிகள் வரவில்லை. ஆயிலும் பால் நிறமாகவில்லை. ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. வாட்டர் பம்பின் ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, ஒழுக்கும் இல்லை. அதன் பிறகு ரேடியேட்டரைக் கழற்றினேன்.

வெளித் தோற்றத்தில் அது நன்றாகவே இருந்தது. பின்பக்கத்தில், ஃபேனை ஒட்டிய இடத்தில் விரலால் லேசாகத் தடவினேன். செம்புத் தகடுகள் பச்சைத் தூளாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தன. இன்னும் உதிராத இடத்தில் தகட்டின் நுனியை நகத்தால் தள்ளியபோது, அது குழாயின் மேல் வளையல் நகர்வதுபோல நகர்ந்தது. கடற்காற்றின் உப்பு, தகட்டையும் குழாயையும் பிணைத்திருந்த ஈயப்பற்றைத் தின்றுவிட்டிருக்கிறது. குழாயைத் தொடாத தகடு எத்தனை இருந்தாலும் சூட்டை வாங்காது. வாங்காத சூட்டை எந்தக் காற்றும் கொண்டுபோக முடியாது. ஒழுக்கு இல்லாததாலேயே நல்ல ரேடியேட்டர் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

ராமநாதபுரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரேடியேட்டர் வேலை பார்க்கும் ஒரு பாயிடம் அதைக் கொண்டுபோனேன். அலுமினிய ரேடியேட்டர் வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, "தம்பி, இது நாளைக்கு ஒழுகினா நான் பத்த வச்சுக் கொடுப்பேன். அது ஒழுகினா நீங்க யாருகிட்ட போவீங்க?" என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. கேஸ் சுடரால் மேல் டேங்கை இளக்கித் தூக்கியதும் உள்ளே பார்க்கச் சொன்னார். குழாய்களின் வாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வெள்ளையும் செம்பழுப்புமாகக் கல்போல அடைத்திருந்தது. மெல்லிய தகட்டுக் கம்பியை விட்டுக் குத்தினால் சில திறக்கும். ஆனால் தகடுகளே போய்விட்ட கோரை, அதாவது குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியை, வைத்துப் பயனில்லை என்பதால், பழைய பித்தளை டேங்குகள் இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவில் புதிய செம்புக் கோர் வைத்துக் கட்டித் தந்தார். தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றேற்றி, ஒரு குமிழிகூட வராததை என் கண்முன்னே காட்டிய பிறகுதான் கையில் கொடுத்தார்.

பலரும் இத்தோடு வேலையை முடித்துவிடுகிறார்கள். ரேடியேட்டரை அடைத்த பொருள் என்ஜினுக்குள்ளும் இருக்குமே என்று யாரும் கேட்பதில்லை. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் பின்புற ஓரத்தில் தண்ணீர் இறக்கும் குழாய் ஒன்று உண்டு. அதைத் திறந்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. குழாயையே கழற்றினேன், அப்போதும் வரவில்லை. சைக்கிள் ஸ்போக் கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் கிளறியபோது, முதலில் ஈரச் செங்கல் பொடிபோலக் கொஞ்சம் விழுந்தது. பிறகு கருஞ்சிவப்பான சேறு கட்டிகட்டியாக இறங்கியது. பம்ப் என்ஜினின் முன்னால் இருப்பதால், தண்ணீரின் வேகம் குறையும் பின்பக்கத்தில், நான்காவது சிலிண்டரைச் சுற்றி, நாற்பது ஆண்டுத் துருவும் உப்பும் படிந்து கிடந்தன. பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை அடைத்திருக்கும் டம்மி எனும் தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்து, அந்தத் துளைகள் வழியாகக் கம்பியும் ஹோஸ் தண்ணீருமாக இரண்டு நாட்கள் கழுவினேன். ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் பாதிக்கு மேல் சேறு சேர்ந்தது. பிறகு புதிய டம்மிகளை அடித்து, ரேடியேட்டரை இணைக்காமல், மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் சமையல் சோடா கலந்த நீராலும், தெளிவாக வரும்வரை வெறும் நீராலும் அலசினேன்.

இந்தச் சேற்றின் பிறப்பிடம் எனக்குப் புரிகிறது. நம் மாவட்டத்துக் கிணற்று நீரும் போர் நீரும் பெரும்பாலும் உப்பு. குடிப்பதற்கு நாம் காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்துத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக் காத்திருக்கிறோம், ஆனால் வண்டிக்குக் கிடைத்ததை ஊற்றிவிடுகிறோம். கொதித்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கும். மேலும் ஊற்ற ஊற்ற மேலும் தங்கும். வாலிநோக்கத்து உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்வதையே நாம் ரேடியேட்டருக்குள் செய்துகொண்டிருக்கிறோம். நடுவழியில் ஆபத்துக்கு ஒரு குடம் ஊற்றுவதில் தவறில்லை. என்ஜின் சற்று ஆறிய பிறகு, ஓடவிட்டுக்கொண்டே சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். வீடு வந்ததும் அதை முழுவதும் இறக்கிவிட வேண்டும் என்பதைத்தான் நானும் பல ஆண்டுகள் செய்யவில்லை.

என்ஜின் சூடாகும்வரை நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வண்டியில் அது இல்லவே இல்லை. எப்போதோ ஒரு மெக்கானிக், நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று எடுத்துப் போட்டிருக்கிறார். அது இல்லாத என்ஜின் காலையில் சூடேற நெடுநேரம் எடுக்கிறது. அதுவரை பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது, சிலிண்டரும் விரைவாகத் தேய்கிறது. புதிதாக வாங்கியதில், அது திறக்கத் தொடங்கும் டிகிரியாக 82 என்று பொறித்திருந்தது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றினேன். 82ஐ ஒட்டி வால்வின் விளிம்பில் நூலிழை இடைவெளி தெரிந்தது; தண்ணீர் கொதிக்கும் முன்பே முழுதாகத் திறந்துவிட்டது. அதைப் பொருத்துவதைவிட, அதன் மேலிருந்த அலுமினிய வளைகுழாயைக் கழற்றுவதுதான் கடினமாயிற்று. அதைப் பிடித்திருந்த மூன்று ஸ்டட் போல்ட்களும் துருவில் ஒட்டிப் போயிருந்தன. ஒரு வாரம் தினமும் எண்ணெய் விட்டுத் தட்டிய பிறகே அசைந்தன.

ரேடியேட்டர் மூடி சிறிய பொருள், அதனால் கவனிக்கப்படாத பொருள். என் மூடியில் 7 என்று இருக்கிறது; அதாவது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை நீரை அடைத்து வைக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100இல் கொதிக்காமல் ஏறக்குறைய 111 டிகிரியில் கொதிக்கும். பழைய மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்ததால் அந்தப் பதினோரு டிகிரியையும் நான் இழந்திருந்தேன். ஹோஸ்கள், கிளிப்புகள் எல்லாம் புதிது. கூலன்ட் 30 பங்கும் டிஸ்டில்ட் வாட்டர் 70 பங்கும் கலந்து ஊற்றினேன். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. துருவைத் தடுக்கும் மருந்துக்காகத்தான் கூலன்ட். சூட்டைச் சுமப்பதில் தண்ணீரே மேலானது என்பதால் அதன் பங்கைக் கூட்டினேன்.

இந்த ஆண்டு ஆடியில் கச்சான் நன்றாக எழுந்த ஒரு பகலில், அதே நான்கு பேரோடு மண்டபம் தாண்டினேன். மணல் மறுபடியும் கூடவே ஓடி வந்தது. பாலத்தின் உச்சியில் முள் 90க்குப் போய், அக்காள்மடத்தில் 86க்கு இறங்கியது. டீக்கடையில் நிறுத்தி டீ குடித்தோம். அக்கா குடத்தை எடுக்கப் போனார், இன்றைக்கு வேண்டாம் அக்கா என்றேன். ஒரு மாதம் கழித்துப் பிளாக்கின் குழாயைத் திறந்து பார்த்தேன். முதல் அரை டம்ளர் இளஞ்சிவப்பாக வந்தது, பிறகு ஊற்றிய நிறத்திலேயே வந்தது. மழைக்காலம் தொடங்கும் முன், ஐப்பசியில் முழுவதும் இறக்கிவிட்டு மறுபடி நிரப்ப, டிஸ்டில்ட் வாட்டர் கேன் இரண்டு வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன்.